பை மடியில் இருந்தது

அந்த நாற்காலி வேண்டாம் அண்ணா, அதற்கு ஒரு கால் ஆடும். கட்டிலில் உட்காருங்கள். மூன்று மாடி ஏறி வந்திருக்கிறீர்கள். லிப்ட் இருக்கிறது, ஓடாது. ஹவுசிங் போர்டில் எல்லாம் அப்படித்தான். முதலில் தண்ணீர் குடியுங்கள், பிறகு டீ போடுகிறேன். சர்க்கரை போடலாமா? இந்தக் காலத்தில் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டியிருக்கிறது.

ஏகாம்பரம் என்றீர்கள். திருத்தணி. கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். சரி. நான் கோமளா. மாப்பிள்ளை டில்லிபாபுவுக்குக் கூடப் பிறந்த அக்கா. ஒரே அக்கா. அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் வியாசர்பாடியில் உங்களுக்கு என்ன வேலை.

எதற்கு வந்தீர்கள் என்பதும் புரிந்துவிட்டது. நாத்தனார் முடிச்சு யார் போடுவது. பாபு என்ன சொன்னான், பெரியப்பா மகள் போடுவாள் என்றானா? அவள் நல்லவள்தான், கை நடுங்கும், அவ்வளவுதான். பத்திரிகையிலும் என் பெயர் இல்லை என்று கேள்விப்பட்டேன். உங்கள் வீட்டுப் பெண்கள் கேட்டிருப்பார்கள், கூடப் பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது ஏன் இன்னொருத்தி என்று. நியாயமான கேள்விதான். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவன் காரணம் சொல்லியிருக்க மாட்டான். கீழே இஸ்திரி வண்டிக்காரரிடம் வழி கேட்டீர்களா? அப்படியென்றால் அவர் சொல்லியிருப்பார். 'டிவில தம்பி அழும்போது விழுந்து விழுந்து சிரிச்சுதே, அந்தம்மாவா' என்று. கேட்டாரா இல்லையா? பார்த்தீர்களா. இத்தனைக்கும் அவர் வீட்டுப் பெண் என் வேனில்தான் வருகிறாள்.

நான் சிரிக்கவில்லை அண்ணா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியைப் பிறகு சொன்னாலும் ஒன்றுதான்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. டிவியில் காமெடி நிகழ்ச்சி பார்ப்பீர்கள் அல்லவா, மேடையில் ஒருத்தன் பேசுவான், நடுவர்கள் சாய்ந்து சாய்ந்து சிரிப்பார்கள், நடுவில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஜனங்களைக் காட்டுவார்கள். அந்த ஜனங்களை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். இங்கிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் இரண்டு வேன். பூந்தமல்லி தாண்டி அந்த ஸ்டூடியோ. வெள்ளைப் புடவை கூடாது, கறுப்பு கூடாது, பொடிக்கட்டம் கூடாது, கேமராவில் அலையடிக்கும். சால்வை எடுத்துக்கொள்ள வேண்டும், உள்ளே ஏசி பல்லைக் கிட்டவைக்கும். முகம் இருக்கிறவர்கள் முன்வரிசை, தூங்குகிறவர்கள் பின்வரிசை. எனக்கு முன்வரிசையில் நடு இடம். அந்த இடத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

காமெடி என்றால் மேடையில் பேசுகிறவன் மட்டும் என்று நினைப்பார்கள். அவனுக்கு எழுதிக் கொடுக்கிற பையன்கள் இருக்கிறார்கள், ஓரமாக நின்று நகம் கடிப்பார்கள், ஒருநாளும் சிரித்து நான் பார்த்ததில்லை. சேவியர் சார் இருக்கிறார். அவர்தான் தளத்தில் எல்லாவற்றையும் நடத்துகிறவர், காதில் எப்போதும் ஒயர், யாரோ உள்ளேயிருந்து அவரைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள், அவர் எங்களிடம் மெதுவாகச் சொல்வார். பிறகு எடிட்டர், வேறு எங்கோ இருட்டு அறையில். அப்புறம் நாங்கள்.

காலையில் போனதும் முதல் வேலை என்ன தெரியுமா? சிரிப்பது. நடுவர்கள் வந்திருக்க மாட்டார்கள். மேடையில் யாரும் இருக்க மாட்டார்கள், ஒருத்தர் பெருக்கிக்கொண்டிருப்பார். சேவியர் சார் நடுவில் நின்று சொல்வார், 'சின்னச் சிரிப்பு.' சின்னதாகச் சிரிப்போம். 'பெரிய சிரிப்பு.' 'வாயைப் பொத்திக்கிட்டு.' 'பக்கத்துல இருக்கவங்கள அடிச்சுக்கிட்டு.' 'கண்ணைத் துடைச்சுக்குங்க.' கேமரா ஒவ்வொரு முகமாகப் பிடித்துக்கொண்டு போகும். பிறகு கைதட்டல், பிறகு சோகம். போட்டிக்கு வருகிறவர்கள் கடைசியில் வீட்டுக் கஷ்டம் சொல்வார்கள், அதற்கு வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் இட்லி. மொட்டைச் சிரிப்பு என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். ஒன்றும் இல்லாமல் சிரிப்பதால் அப்படி. எடிட்டர் பிறகு எங்கே எது வேண்டுமோ அங்கே அதை எடுத்து ஒட்டிக்கொள்வார்.

என் சிரிப்பு நல்ல சிரிப்பு என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள், 'எதை நெனச்சுக்கா சிரிக்கற?' என்று. எதையும் நினைக்கக் கூடாது. நினைத்தால் நடுவில் நின்றுவிடும். வயிற்றை உள்ளே இழுத்து, தலையைப் பின்னால் போட்டு, சத்தத்தைத் திறந்துவிட வேண்டும், குழாய் மாதிரி. நிறுத்தச் சொன்னதும் மூடிவிட வேண்டும். நிர்மலா என்று ஒருத்தி, மூடத் தெரியாது அவளுக்கு. சேவியர் சார் 'போதும்மா' என்று சொல்வார், அவளுக்கு அதற்கும் சிரிப்பு வரும்.

டீ சூடாக இருக்கிறதா? குடியுங்கள்.

பாபுவை நான்தான் வளர்த்தேன். அம்மா போனபோது அவன் ஏழாம் வகுப்பு. அப்பா கும்மிடிப்பூண்டியில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சின்ன வயதிலேயே எல்லோரையும் மாதிரி பேசிக் காட்டுவான். கரண்ட் ரீடிங் எடுக்கிறவர், சர்ச் மைக்கில் சமாதானம் சொல்கிறவர், ரேஷன் கடையில் மிஷின் வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர். சாப்பிட உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவான். எனக்கு அப்போதெல்லாம் சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். அவன் என் முகத்தைப் பார்க்கவே மாட்டான், தோளைத்தான் பார்ப்பான். 'அக்கா தோள் ஆடிடுச்சு, ஜோக் பாஸ்' என்பான். அந்தத் தோள் சிரிப்பு எப்போது நின்றதென்று தெரியவில்லை. ஒன்றும் நஷ்டமில்லை. கேமராவுக்கு அது தெரியாது, சத்தமும் இல்லை, வைத்துக்கொண்டு என்ன செய்வது.

படிப்பு ஏறவில்லை, பெரம்பூரில் ஒரு செருப்புக் கடையில் சேர்ந்தான். அங்கே போனதும் பேச்சு இன்னும் அதிகமாகிவிட்டது. வருகிற போகிற காலெல்லாம் கதை. நானே சேவியர் சாரிடம் சொன்னேன், என் தம்பி ஒருத்தன் இருக்கிறான், பேசுவான் என்று. கூப்பிட்டுப் பார்த்தார்கள். எடுத்துக்கொண்டார்கள். அதில் என் சிபாரிசு ஒன்றுமில்லை, அவனாகத்தான் அந்த இடத்தை வாங்கினான்.

முதல் தடவை மேடையில் அவன் சாக்ஸ் ஓட்டையைப் பற்றிப் பேசினான். ஆபீசில் நூறு பேரை அதட்டுகிற மேனேஜர் செருப்பு வாங்க வருவார், ஷூவைக் கழற்றச் சொன்னால் கட்டைவிரலை மடக்கி ஓட்டையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், 'சார், காலை நீட்டுங்க' என்றால், 'இல்லப்பா, என் கால் இப்படித்தான் இருக்கும்' என்பார் என்று. அரங்கமே ஆடிப்போய்விட்டது. என் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த தடவையும் அப்படித்தான். தெருவில் போஸ்டர் ஒட்டலாமா என்று பேச்சு வந்தது. இஸ்திரி வண்டிக்காரர் அவன் சட்டைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார்.

இப்போது பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுதான் அந்தப் பை, கொடியில் தொங்குகிறதே. ரெக்சின். முன்வரிசையில் உட்காரும்போது இதைக் காலடியில் கீழே வைத்திருப்பேன். கீழே இருந்தால் சிரிக்கலாம். மடியில் எடுத்து வைத்துவிட்டேன் என்றால் யாரும் சிரிக்கக் கூடாது. என் ஆட்கள் மேடையைப் பார்க்கிற மாதிரி இருப்பார்கள், ஆனால் கண் பையின் மேல்தான் இருக்கும். சேவியர் சாருக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. முன்பெல்லாம் அவர் கேமராவுக்குப் பின்னால் நின்று கையைக் காலை ஆட்டிக்கொண்டிருப்பார். நான் பை முறை கொண்டுவந்த பிறகு அவருக்கு வேலை மிச்சம். வேறு நிகழ்ச்சிக்காரர்கள்கூட வந்து கேட்டுக்கொண்டு போனார்கள்.

ஏன் சிரிக்கக் கூடாது என்கிறீர்களா? அது நடப்பதுதான் அண்ணா. சில பேரை அனுப்ப வேண்டியிருக்கும். அனுப்புவதற்கு ஒரு காரணம் தெரிய வேண்டும். அரங்கம் சிரித்துக்கொண்டிருக்கும்போது நடுவர்கள் எப்படிப் போகச் சொல்வார்கள்? பார்க்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள். அதனால் அந்த ஆளுக்கு மட்டும் கொஞ்சம் டல்லாக விடச் சொல்வார்கள். விடுவோம். ஆள் மேல் ஒன்றும் கோபம் கிடையாது. கறிவேப்பிலையைத் தட்டில் ஒதுக்குகிறோம், கறிவேப்பிலை மேல் நமக்கு என்ன கோபம்.

மூன்றாவது தடவை. மத்தியானம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சேவியர் சார் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்காரவே மாட்டார்.

'கோமளாக்கா, சாப்பாடு ஆச்சா?'

'ஆயிட்டிருக்கு சார்.'

'இன்னிக்கு அஞ்சாவதா வர்ற ஆளுக்குக் கொஞ்சம் டல்லா வுட்ருங்க.'

'சரி சார்.'

'உங்க தம்பிதான் அஞ்சாவது. அதான் ஆள் மூலமா சொல்லாம நானே வந்தேன்.'

'சரி சார்.'

'மேலருந்து சொல்றாங்க. என் கையில இல்ல.'

'சரி சார். ஊறுகா வேணுமா?'

வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். மரியாதை தெரிந்த மனிதர். இன்னொருவராக இருந்தால் நேரில் வந்து சொல்லியிருக்க மாட்டார்.

பாபுவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை, பக்கத்து வீட்டு சரோஜா கேட்டாள். போட்டிக்கு வந்தவர்களோடு நாங்கள் பேசக் கூடாது அண்ணா, அது அங்கே சட்டம். அதுவும் இல்லாமல், சொன்னால் அவன் முகத்தில் தெரிந்துவிடும். முகத்தில் தெரிந்தால் யார் சொன்னது என்று கேட்பார்கள். அப்புறம் இரண்டு வேன் ஜனங்களுக்கு வேலை போகும்.

ஐந்தாவதாக வந்தான். நீலச் சட்டை. நான் தேய்த்துக் கொடுத்ததுதான். நான் பையை எடுத்து மடியில் வைத்தேன்.

அன்றைக்கு அவன் கடையைப் பற்றிப் பேசவில்லை, என்னைப் பற்றிப் பேசினான். என்னிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தான், பழுப்புத் தோல், குதிகாலில் சின்னதாக ஒரு பூ. அதை நான் பீரோவில் வைத்திருக்கிறேன் என்று சொன்னான். 'எங்க வீட்ல செருப்புக்கு பீரோ, பட்டுப்புடவைக்குக் கொடி.' அப்படி ஆரம்பித்தான். பொங்கலுக்குப் பொங்கல் எடுத்துத் துடைத்து, ரசகற்பூரம் மாற்றி, திரும்ப வைத்துவிடுவேன் என்றான். 'வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் செருப்பை வெளிய வுட்டுட்டு உள்ள வருவாங்க. எங்கக்கா செருப்பு மட்டும் உள்ள இருக்கும், அக்கா வெறுங்காலோட வெளிய போவும்' என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. நிர்மலாவுக்கு மட்டும் மூக்கில் ஒரு சத்தம் வந்துவிட்டது, தொடையில் கிள்ளினேன், அடங்கினாள்.

அவன் ஒரு நொடி நின்றான். பிறகு சொன்னான். 'ஒரு நாள் கேட்டேன், ஏன்க்கா போட்டுக்க மாட்ற? தேஞ்சிடும்டா. அப்ப கால் தேயாதா? அதுக்கு எங்கக்கா சொல்லுது, கால் நம்மளுதுதான, தேஞ்சா என்ன?'

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

நான் சொன்னதுதான். உண்மையில் சொன்னேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. எது நல்ல ஜோக், எது இல்லை என்று எனக்குச் சொல்லத் தெரியாது அண்ணா, இத்தனை வருஷம் அங்கே உட்கார்ந்தும் தெரியாது. நான் அதைக் கேட்பதில்லை. ஆனால் பை கீழே இருந்திருந்தால் அந்த இடத்தில் நன்றாகச் சிரித்திருப்பார்கள், அது மட்டும் தெரியும்.

காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டான் போல. இன்னொரு தடவை சொன்னான். 'கால் நம்மளுதுதான, தேஞ்சா என்ன?' கொஞ்சம் சத்தமாக. அப்போதும் என்னைத்தான் பார்த்தான். நடுவர் ஒருத்தர் தண்ணீர் குடித்தார். ஏசி சத்தம் கேட்டது. அப்புறம் அவனுக்கு மீதி மறந்துவிட்டது. மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். கண்ணில் தண்ணீர் நின்றது. 'அவ்ளோதான், நன்றி' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். ஆறாவது ஆள் வந்தான். நான் பையைக் கீழே வைத்தேன்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். சாப்பிட்டான். 'போனா போகுது, வேற சானல் இருக்கு' என்றேன். 'ம்' என்றான். ஒரு சண்டை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. அப்போது அவனுக்கு ஒரு கோபமும் கிடையாது, அமைதியாகத்தான் இருந்தான். அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் கெட்டுப்போனது.

டிவியில் போட்டார்கள். அவன் பேசுகிறான், கண்ணில் தண்ணீர் நிற்கிறது, பின்னால் ஒரு மாதிரி 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வைத்தார்கள், உடனே நான். தலையைப் பின்னால் போட்டு, பக்கத்தில் இருக்கிற சரோஜாவைத் தொடையில் அடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக. பிறகு திரும்ப அவன். திரும்ப நான். அதை மட்டும் வெட்டி யாரோ போனில் விட்டார்கள். 'தம்பி அழுவறான், அக்கா சிரிக்குது.' பெரம்பூர் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் செருப்புப் போட்டுப் பார்க்கும்போது அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, 'நீதான அது' என்பார்களாம். எங்கக்காவும் இப்படித்தான் என்று ஒருத்தி போட்டோ எடுத்துக்கொண்டாளாம். மாசம் முடிவதற்குள் துணியை எடுத்துக்கொண்டு திருவள்ளூர் போய்விட்டான். அங்கே ஒரு கடை, அங்கேதான் உங்கள் யுவராணியைப் பார்த்திருக்கிறான். நல்லதுதான். எங்கே இருந்தால் என்ன.

நான் சும்மா இருக்கவில்லை அண்ணா. பழி என்று ஒன்று வந்தால் அதைத் துடைக்க வேண்டும் அல்லவா. இதோ, போனைப் பாருங்கள். நிறுத்திப் பாருங்கள். இதில் நான் என்ன புடவை? சந்தன நிறம், பச்சை பார்டர். பாபு பேசின அன்றைக்கு நான் அரக்கு. வேனில் வந்த அத்தனை பேரும் சாட்சி. இன்னொன்று, பக்கத்தில் சரோஜா. அன்றைக்குச் சரோஜா மேல்மருவத்தூர் போய்விட்டாள், வரவே இல்லை. வராத ஆள் தொடையில் நான் எப்படி அடிப்பேன்? இது ஏதோ ஒரு காலையில் எடுத்த மொட்டைச் சிரிப்பு. வெற்று மேடையைப் பார்த்துச் சிரித்தது. தெருவில் ஒவ்வொருத்தரிடமும் காட்டினேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இஸ்திரி வண்டிக்காரர்கூட, 'ஆமா, பார்டர் வேற' என்றார். அப்புறமும் வழி கேட்கிறவர்களிடம் அதையேதான் சொல்கிறார், அது வேறு விஷயம்.

பாபுவுக்குப் புடவைக் கணக்கு போதாது என்று நினைத்தேன். நேராக எடிட்டரைத் தேடிக்கொண்டு போனேன். வடபழனியில் ஒரு மாடியில் இருக்கிறார். சிவப்பிரகாசம் என்று பெயர். அத்தனை வருஷத்தில் ஒருத்தரையொருத்தர் பார்த்ததில்லை. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டார்.

'அக்கா, நீங்களா. உங்களை எனக்கு எவ்ளோ வருஷமா தெரியும். தெனம் உங்க முகத்துலதான் முழிக்கறேன்.'

எனக்கு ஒரு தனிப் பெட்டியே வைத்திருக்கிறார் கம்ப்யூட்டரில். 'பச்சை பார்டர் அம்மா' என்று பெயர் போட்டு. வரிசையாக நான். சின்னச் சிரிப்பு, பெரிய சிரிப்பு, கண்ணைத் துடைப்பது. 'உங்க சிரிப்புதான்க்கா இருக்கறதுலயே சுத்தம்' என்றார். 'மத்தவங்க சிரிச்சா எதுக்கோ சிரிக்கறாங்கன்னு தெரியும். உங்களுது எங்க வச்சாலும் உக்காரும்.' பெருமையாகத்தான் இருந்தது. யார் நம்மிடம் வந்து இதையெல்லாம் சொல்கிறார்கள்.

'அது என் தம்பி சார்' என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. 'சத்தியமா தெரியாதுக்கா. அந்த எடத்துல ஒரு சிரிப்பு தேவைப்பட்டுச்சு. கைக்கு வந்ததை வச்சேன்.' வேண்டுமென்று செய்யவில்லை. எனக்கும் அவர் மேல் ஒன்றும் இல்லை. அவர் வேலை அவருக்கு.

'நான் அப்ப நெஜமா எப்படி இருந்தேன்னு ஏதாச்சும் இருக்கா சார்?' என்று கேட்டேன்.

தேடினார். இருந்தது. ஒரு கேமரா எப்போதும் எங்கள் பக்கம் ஓடிக்கொண்டேதான் இருக்குமாம். பாபு அந்தக் கால் ஜோக்கைச் சொல்கிற நேரம். குரல் மட்டும் அவன் குரல், படத்தில் நான். அரக்குப் புடவை, மடியில் பை, பையின் மேல் இரண்டு கையும். ஒரு அசைவு இல்லை. அவன் ஒரு தடவை சொல்கிறான், நான் அப்படியே இருக்கிறேன். இன்னொரு தடவை சொல்கிறான், அப்படியே இருக்கிறேன். கண்கூட இமைக்கவில்லை. பக்கத்தில் நிர்மலா கன்னத்தைக் கடித்துக்கொண்டு தவிக்கிறாள், நான் அம்மன் சிலை மாதிரி. பார்த்தபோது, சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று தோன்றியது.

'இதை ஏன் சார் போடல?' என்றேன்.

'இதைப் போட முடியாதுக்கா' என்றார். திரையை அணைக்கப் போனார், இருங்கள் என்று சொல்லிவிட்டு என் போனில் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மறுநாளே திருவள்ளூர் போனேன். கடையில் கூட்டமில்லை. ஒரு பெரியவருக்குக் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். 'பாபு, இதை ஒரு தடவை பாரு, அக்கா சிரிக்கலடா' என்று போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். குனிந்தபடியே பார்த்தான். முழுசும் பார்த்தான். அவன் குரலே அதில் வருகிறது, 'கால் நம்மளுதுதான, தேஞ்சா என்ன?' என்று, இரண்டு தடவை. பெரியவர் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

முடிந்ததும் போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான். 'தெரியும்க்கா. நீ சிரிக்கலன்னு எனக்குத் தெரியும். நான் அங்கதான நின்னேன்.'

பிறகு பெரியவரிடம் திரும்பி, 'இது டைட்டா இருக்கும் சார், எட்டாம் நம்பர் எடுக்கட்டுமா?' என்றான். உள்ளே போனான். நான் நின்றுகொண்டிருந்தேன். வேறு ஒரு ஆள்தான் எட்டாம் நம்பரை எடுத்துக்கொண்டு வந்தான்.

பார்த்தீர்களா அண்ணா. அவனே சொல்கிறான். நீ சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்று அவன் வாயாலேயே சொல்கிறான். ஊர் நம்பவில்லை என்றால் சரி, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் என்ன கோபம்? எதற்கு என் பெயர் பத்திரிகையில் இல்லை? இதைத்தான் நானும் எல்லோரிடமும் கேட்கிறேன், ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சரோஜா எழுந்து போய்விட்டாள். நீங்களும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

என்ன கேட்டீர்கள்?

ஏன் சிரிக்கவில்லையா?

அதுதான் சொன்னேனே அண்ணா. பை மடியில் இருந்தது.

இருங்கள், எழுந்துவிடாதீர்கள். கடைசி பஸ்ஸுக்கெல்லாம் நேரம் இருக்கிறது. நீங்கள் வந்தது வீணாகப் போகக் கூடாது. பாபுவிடம் ஒன்று சொல்லுங்கள். பத்திரிகையில் பெயர் வேண்டாம், அடித்தது அடித்ததாக இருக்கட்டும். முடிச்சு போடக் கூப்பிட்டால் வருகிறேன். என் கை நடுங்காது. அவன் வாங்கிக் கொடுத்த செருப்பு இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வரமாட்டேன், மண்டப வாசலில் விட்டால் யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

மேடையில் வீடியோக்காரர்கள் நிற்பார்கள், பெண் வீட்டார் அத்தனை பேரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள், டிவியில் வந்த அக்கா என்று. அதனால் அவனிடம் கேட்டு ஒரு வார்த்தை எனக்குத் தெரியப்படுத்துங்கள், போனில் சொன்னாலும் போதும். முடிச்சு போடும்போது நான் சிரித்த முகமாக இருக்க வேண்டுமா, கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டுமா, இல்லை சும்மா இருந்தால் போதுமா. எது வேண்டுமானாலும் வரும். முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.